தொண்டைக்கு நல்லது

மிதவை நகரில் பல் தேய்ப்பதற்கு முன்னால் கத்துவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு வந்து சுவரைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்து ஆரம்பிப்பார். அம்மா அதற்கு மேலே ஒரு கட்டை ஏற்றிக் கத்துவாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வீறிடுவார்கள். கோபம் கிடையாது, துக்கம் கிடையாது. முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தை அழுதால் உடனே தூக்கிச் சமாதானப்படுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. சுவரோரம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் பால். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால்கூட நடுவீட்டில் போட்டு வீணாக்கமாட்டார்கள், சுவர்ப் பக்கமாக நகர்ந்துகொள்வார்கள்.

தூத்துக்குடியில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த சனங்களை ஏற்றி வைப்பதற்காகக் கட்டிய நகரம் அது. கடல்மேல் மிதக்கும் அடுக்குமாடிகள். பெரிய இயந்திரங்களுக்கு அலையிலிருந்து மின்சாரம் வந்தது. கைப்பேசி, கதவுப் பூட்டு, கொசுவிரட்டி, பிள்ளைகளின் பாடப்பலகை, நெஞ்சுக்குள் வைத்துத் தைத்த நாடித்துடிப்பி போன்ற சின்னச் சாமான்களுக்குச் செவிச்சுவர் இருந்தது.

செவிச்சுவர் என்பது ஒன்றுமில்லை, சுவரின்மேல் நுங்குத் தோல் கனத்தில் ஒரு படலம். சத்தம் பட்டால் அது அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் சுரக்கும். சுரந்ததெல்லாம் ஒரு தளத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும் கிடங்கில் போய்ச் சேரும். அந்தத் தளத்தின் எந்தச் சுவரில் சாமானைச் சாய்த்து வைத்தாலும் அதற்கு உயிர் ஏறும். கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சுவரின் அடியிலிருந்து மேல் விளிம்பு வரை ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு காட்டும்.

அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. சத்தத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடும். பக்கத்து வீட்டில் இடி விழுந்தாலும் இந்த வீட்டுப் பூனை திரும்பிப் பார்க்காது. விற்றவர்கள் இதை 'அமைதியான குடும்பம்' என்று விளம்பரம் செய்தார்கள். இன்னொன்று, அது மனிதத் தொண்டைக்கென்றே சுருதி சேர்த்துச் செய்தது. பாத்திரத்தைத் தட்டினால் ஏதோ கொஞ்சம் சுரக்கும். ஒலிபெருக்கி வைத்து ஏமாற்றலாம் என்றால், அது தருவதைவிடத் தின்பது அதிகம். தொண்டை எவ்வளவு உச்சத்துக்குப் போகிறதோ அவ்வளவு வரும்படி. எல்லாவற்றிலும் உச்சம் வலியில் வருகிற அலறல்தான் என்பது கண்டுபிடித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை மட்டும் விளம்பரத்தில் போடவில்லை.

இப்படிப்பட்ட நகரத்தில், பதினோராம் தளத்தில் மட்டும் யாரும் காலையில் கத்துவதில்லை. அவர்கள் எழுந்து நேராகப் பல் தேய்க்கப் போனார்கள். மற்ற தளத்துக்காரர்கள் வயிற்றெரிச்சல் பட்டார்கள். பதினோராம் தளத்தின் பச்சைக் கோடு எப்போதும் விளிம்பு வழிய நின்றது. அந்தத் தளத்துத் தலைவர் ஜெயசிங்கின் நிர்வாகத் திறமை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு வகையில் அது உண்மைதான். ஜெயசிங் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மேற்பார்வையாளன். மத்தியானம் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர்க் குழாய் கொண்டு வருவான். ஆலையில் அழுத்த நீர் ஓடுகிற குழாய், உள்ளே நூல் பின்னியது, லேசில் பிய்யாது. சட்டையைக் கழற்றி மாட்டுவான். காப்பி குடிப்பான். அதன்பின் மனைவி ராஜகனியைச் சுவரோரம் நிறுத்தி அடிப்பான்.

முதல் வருடம் காரணம் சொல்லி அடித்தான். குழம்பில் உப்பு, தலையில் பூ, அவள் அக்காவிடம் பேசிய பேச்சு. பிறகு காரணம் தேடுவது அவனுக்குச் சலித்துவிட்டது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. மற்ற இடங்களில் அது வாய்ப்பேச்சு, பதினோராம் தளத்தில் அதுதான் மின்சாரத் திட்டம்.

வீட்டுக் கதவு ஜெயசிங்கின் குரலுக்கு மட்டுமே திறக்கும்படி அமைத்திருந்தான். அவன் வாசலில் நின்று "திற" என்றால் திறக்கும், "பூட்டு" என்றால் பூட்டும். ராஜகனி ஆயிரம் தடவை சொன்னாலும் அது மரம்போல நின்றது. அவளுடைய கைப்பேசியை ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு அலமாரியில் வைத்திருந்தான். சுவரில் படாமல் அது செத்துக் கிடந்தது. அவள் எடுத்துச் சுவரில் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் கதவும் கைப்பேசியும் அவனுக்குத் தகவல் சொல்லும்படிதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் கூட்டிப் போவான். அப்போது நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்வான்.

இத்தனைக்கும் ராஜகனிக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை போகவில்லை. பைத்தியக்காரி என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அக்கம்பக்கத்தார் அவளிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நடைவழியில் பார்த்தால் வலிய வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். கதவில் இருந்த, வெளியிலிருந்து மட்டும் திறக்கிற சாப்பாட்டுத் திறப்பு வழியாக ஏதாவது தின்பதற்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் சாமுவேல் சார் பனங்கற்கண்டு கொடுத்தார். கடைசி வீட்டு எஸ்தர் சுக்கும் மிளகும் இடித்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் வாரம் தவறாமல் தேன் கொடுத்தாள், அதுவும் மலைத்தேன். மிதவை நகரில் மலைத்தேன் என்பது குதிரைக்கொம்பு.

இவர்களுக்குக் கேட்கவில்லை, கேட்டால் வந்துவிடுவார்கள் என்பதுதான் ராஜகனியின் கணக்கு. சுவர் குடித்துவிடுகிறது, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

அதனால் அவள் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால், தங்கபுஷ்பத்தின் வீட்டோடு ஒட்டிய சுவர். ஜெயசிங் வேலைக்குப் போனதும் டின்னை நகர்த்துவாள், தேங்காய்த் துருவியின் பல்லால் சுரண்டுவாள், தூளைக் கூட்டிக் குப்பையில் போடுவாள், டின்னைத் திரும்ப வைப்பாள். படலம் ஒரே நாளில் உரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த பலகைதான் அவளை வதைத்தது. விரலில் நகம் பெயர்ந்தது. ஒருநாள் துருவியின் நுனி இழுபறி இல்லாமல் உள்ளே போனது. வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கத்திலிருந்து மீன் பொரிக்கும் வாசனை வந்தது. ராஜகனி அந்த ஓட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

அன்றைக்கு மத்தியானம் ஜெயசிங் வந்தான். அவள் தானாகவே போய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அடுத்ததற்குக் கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் டின்னைத் தள்ளி, ஓட்டைக்கு நேரே வாயைக் கொண்டுபோய், உயிர் போகிற மாதிரி கத்தினாள்.

"புஷ்பத்தக்கா, என்னயக் கொல்லுதாவ. கதவ ஒடச்சிட்டு வாங்க. யாரையாவது கூட்டிட்டு வாங்க."

ஜெயசிங் அவள் முடியைப் பிடித்து நடுவீட்டுக்கு இழுத்து, வாயோடு சேர்த்து ஒரு அடி கொடுத்தான். கீழ்ப்பல் ஒன்று உடைந்தது. எதற்காக அந்த மூலையில் போய்க் கத்தினாள் என்று அவன் யோசிக்கவில்லை. அடிக்கும்போது அவன் எதையும் யோசிப்பதில்லை. அடித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுத் தளக்குழுக் கூட்டத்துக்குப் போனான்.

ராஜகனி வாசல் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இதோ வருவார்கள். புஷ்பத்தக்கா சாமுவேல் சாரைக் கூட்டிக்கொண்டு வருவாள். வெளியே யாரும் வரவில்லை. ஆனால் அரிசி டின் பக்கமிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"கனி, ஏளா கனி. கேக்குதா?"

அவள் முழங்கையால் ஊர்ந்து போனாள். "கேக்கு யக்கா."

"ஓட்டை நீயா போட்ட?"

"ஆமா யக்கா."

"அடப்பாவமே." அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். அதில் நிஜமான வருத்தம் இருந்தது. "இந்தப் பக்கம் பாத்துக் கத்தாதம்மா. சுவரப் பாத்துக் கத்து. இங்க வந்து விழுந்தா யாருக்கு என்ன பிரயோசனம்? அவ்வளவும் வீணால்லா போவுது. பச்சைக் கோடு இன்னிக்கு ஏறவேயில்ல, பாத்துக்கோ."

ராஜகனிக்கு முதலில் புரியவில்லை. காதில் அடிபட்டதால் தப்பாகக் கேட்கிறதோ என்று நினைத்தாள்.

"யக்கா, அவிய என்னய அடிக்காவ."

"தெரியும்லா. எங்களுக்குத் தெரியாதா? தெனமும் மத்தியானம் மூணு மணிக்குக் கோடு சரசரன்னு ஏறும். எங்க வீட்டுக்காரவ நெஞ்சு மெஷினு அதுலதான ஓடுது. டாக்டரு இவியள சத்தம் போட்டுப் பேசவே கூடாதுன்னுட்டாரு. நான் ஒருத்தி கத்தி எவ்வளவு வரும், சொல்லு. நீ இருக்கப் போயி எங்க அத்தான் உசுரோட இருக்காவ. நான் செய்யாத செபம் இல்ல உனக்காக." பிறகு குரலைத் தாழ்த்தி அக்கறையாகக் கேட்டாள். "தேன் தந்தேன்லா, குடிக்கியா? தொண்டைக்கு நல்லது."

ராஜகனி அவர்கள் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பனங்கற்கண்டு, சுக்கு, மிளகு, தேன். எல்லாமே தொண்டைக்கு. ஒருவர்கூடக் காயத்துக்கு ஒரு களிம்பு கொடுக்கவில்லை. இத்தனை நாள் அது அவளுக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு அடியைவிட இதுதான் வலித்தது. கேட்காமல் வராதவர்களை மன்னிக்கலாம். தெரிந்து, அளந்து, மிச்சத்தைச் சாப்பாட்டுத் திறப்பு வழியாகத் தேனாகத் திருப்பிக் கொடுத்தவர்களை என்ன செய்வது?

அவள் ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னாள். "யக்கா. இனிமே நான் கத்தமாட்டேன். உங்க வீட்டுக்கு வேண்டியத நீங்களே கத்திக்கிடுங்க. எல்லார்ட்டயும் சொல்லிருங்க."

தங்கபுஷ்பம் சிரித்தாள். "சவத்த விடு. அடி விழுந்தா யாராவது கத்தாம இருப்பாவளா?" என்று சொல்லிவிட்டு, ஓட்டையில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்தாள்.

ராஜகனி அதை வீம்புக்குச் சொல்லவில்லை. மிதவை நகரத்துக்குக் குடிவரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒரு பாடம் நடத்துவார்கள். தீப்பிடித்தால் என்ன செய்வது, தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று. அதில் ஒரு விதி: ஒரு தளத்தின் கிடங்கு அடியோடு வற்றினால் அந்தத் தளத்தின் எல்லாப் பூட்டுகளும் தாமாகத் திறந்துகொள்ளும். உள்ளே ஆள் மாட்டிச் சாகக்கூடாது என்பதற்காக வைத்தது. யார் குரலுக்கும் காத்திருக்காது. கிடங்கு வற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தளத்தில் கிடங்கை நிரப்புவது அவள் ஒருத்தி. அவள் வாயை மூடினால் கதவு திறக்கும். அதற்குள் அவளைக் கொன்றுவிடாமல் இருந்தால் வெளியே போகலாம்.

மறுநாள் ஜெயசிங் அடித்தபோது அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். குழாய் காற்றைக் கிழிக்கிற சத்தமும் சதையில் விழுகிற சத்தமும் மட்டும் இருந்தன. அவை சுவருக்குக் கொசுக்கடி. ஜெயசிங் பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகுதான் கவனித்தான். நின்றான். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்ட்டி, வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

முந்தானையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடித்தான். அவள் தன் முன்கையைக் கடித்தாள். கையை முறுக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு அடித்தான். அவள் உதட்டைக் கடித்தாள், ரத்தம் மோவாயில் வழிந்தது. ஒரு முனகல் வந்தது, அதையும் விழுங்கினாள். அவனுக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

பச்சைக் கோடு அன்றைக்கு விளிம்பிலிருந்து இறங்கியது. அடுத்தடுத்த நாட்களில் அடிமட்டத்துக்கே வந்தது. பதினோராம் தளத்தில் இதுவரை காணாத அதிசயம். ஆட்கள் ஜெயசிங்கை நடைவழியில் நிறுத்திக் கேட்டார்கள்.

"என்ன தலைவரே, கோடு இறங்குதே. வீட்டுல மேலுக்குச் சரியில்லையா?" என்றார் சாமுவேல் சார்.

"நான் பாத்துக்கிடுதேன் சார்."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. பேரன் பரீட்சைக்குப் படிக்கான், பலகை அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

ஜெயசிங்குக்கு மானம் போயிற்று. அவன் தலைவரானதே இந்தக் கோட்டால்தான். தேர்தல் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் தளம் முழுக்கக் கேட்கும்படி முழங்கியவன் அவன். இப்போது சொந்தப் பெண்டாட்டியிடம் ஒரு சத்தம் வாங்க முடியவில்லை என்று ஊர் பேசும். அன்றைக்கு அவன் ராஜகனியின் இடது கையைக் கதவு நிலைப்படியில் வைத்து மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. திறந்த வாயை அவள் தரையில் வைத்து அழுத்தினாள். பல் உடைந்த ஈறு தரையில் தேய்ந்தது. சத்தம் வரவில்லை.

அவள் அப்போது கடவுளை நினைக்கவில்லை. கதவை நினைத்தாள்.

ஜெயசிங் அவளைப் புரட்டிப் போட்டு முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. கெஞ்சுகிற குரலில் சொன்னான், "கத்தித் தொலையேன்ட்டி. ஒரு தடவ கத்து, விட்டுருதேன்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பச்சைக் கோடு ஒரு தடவை துடித்து அணைந்தது. பூட்டு 'ணங்' என்று கழன்றது. கதவு தானாக ஒருக்களித்தது. நடைவழி நெடுகிலும் ணங், ணங் என்று எல்லாப் பூட்டுகளும் கழல்வது கேட்டது.

அடுத்து நடந்ததை எந்தக் காலத்து மனிதரும் புரிந்துகொள்வார்கள். பதினோராம் தளத்தின் அத்தனை கதவுகளும் திறந்தன. அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"உங்க வீட்டுல இருக்கா?"

"இல்லியே. உங்க வீட்டுல?"

"எல்லாருக்கும் போயிட்டா? அப்ப சரி."

எல்லாருக்கும் போய்விட்டது என்பதில் ஒரு ஆறுதல் கிடைத்தது. அது தங்கபுஷ்பம் ஓடி வரும்வரைதான் நீடித்தது. அவள் தலைவிரி கோலமாக வந்தாள். வீட்டுக்குள் அவள் கணவர் ஞானதுரை சுவரில் முதுகைச் சாய்த்தபடி நீலம் பூத்துக்கொண்டிருந்தார். முந்திப் படகு ஓட்டிய மனிதர், இப்போது நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்திருப்பதே வேலை. நாடித்துடிப்பி அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது.

"யாராவது கத்துங்களேன். எங்க அத்தான் போயிருவாவ போலிருக்கு" என்றாள்.

சாமுவேல் சார் அந்தக் காலத்தில் வகுப்பறையை அதட்டியவர்தான். மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். இருமல் வந்தது. எஸ்தர் முயன்றாள், கதவுக் கீல்போல ஒரு கிறீச்சுச் சத்தம் வந்தது. இன்னும் இரண்டு பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வருடக்கணக்காகக் கத்தாத தொண்டைகள். பயன்படுத்தாத கிணறு தூர்ந்துபோகிற மாதிரி தூர்ந்து போயிருந்தன. அதோடு, நாலு பேருக்கு முன்னால் வாயைப் பிளந்து கத்துவதற்கு அவர்களுக்குக் கூச்சமாகவும் இருந்தது. பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்கும்போது எதற்கு என்றும் தோன்றியிருக்கலாம். எல்லாரும் தலைவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

ராஜகனி கிடந்த கோலத்தைப் பார்த்தார்கள். கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. தரையில் ரத்தம் இழுபட்டுக் கிடந்தது. எஸ்தர் செருப்பில் ரத்தம் படாமல் தள்ளி நின்றாள். அவர்கள் கண்கள் ராஜகனியைப் பார்த்தன, சுவரில் அணைந்த கோட்டைப் பார்த்தன, மறுபடி ராஜகனிக்கு வந்தன.

தங்கபுஷ்பம் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் அழுகை பொய்யில்லை. "கனி, என் தங்கம்லா. ஒரே ஒரு தடவ. அவியளுக்காக. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்" என்று முறிந்த கையைத் தடவினாள். தடவியவள், யாரும் பார்க்காத மாதிரி, முறிந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தினாள்.

ராஜகனியின் உடம்பு வில்லாக வளைந்தது. சத்தம் வரவில்லை.

"தள்ளுங்க, நான் வாங்கித் தாரேன்" என்று ஜெயசிங் குழாயை எடுத்தான். ஊரே பார்த்து நின்றது. ஒருவரும் தடுக்கவில்லை.

அப்போதுதான் ராஜகனி வாயைத் திறந்தாள். கத்தவில்லை, மெதுவாகப் பேசினாள். எல்லாரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு இனிமே வராது, யக்கா. தொண்டை செத்துப்போச்சு. அவியளுக்குத்தான் நல்ல தொண்டை. எலக்சன்ல பேசுனாவளே, எல்லாரும் கேட்டியல்லா."

பக்கத்து வீட்டு அபாய மணி திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தலைகள் ஒவ்வொன்றாக ஜெயசிங் பக்கம் திரும்பின. கோபமாகப் பார்க்கவில்லை. சந்தையில் ஒரு சாமானை எடுத்துப் பார்ப்பதுபோல அவன் நெஞ்சகலத்தையும் கழுத்தையும் பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் ஒரு மாதிரி பாக்கிய?" என்றான் ஜெயசிங்.

முதலில் அவன் கையைப் பிடித்தது தங்கபுஷ்பம். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எங்க அத்தான் உசுரு" என்று சொல்லி, குழாயைப் பிடுங்கி அவன் காது மேலேயே வீசினாள். ஜெயசிங் அலறினான். என்ன ஒரு அலறல். சுவரின் அடியில் பச்சைப் பொட்டு ஒன்று பூத்தது.

அதன்பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தது. எஸ்தர் கதவிடுக்கில் அவன் விரல்களை வைத்துச் சாத்தினாள். இரண்டு பேர் அவன் தலையைச் சுவரோரம் திருப்பிப் பிடித்தார்கள், ஒரு துளி வீணாகக்கூடாது அல்லவா. சாமுவேல் சார் அடிக்கவில்லை, படித்தவர். கோட்டைப் பார்த்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயசிங்கின் விலா எலும்பில் ஒரு உதை விழுந்தபோது கோடு அரைச்சாண் தாவியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பக்கத்து வீட்டில் அபாய மணி நின்றது. ஞானதுரையின் நெஞ்சு மறுபடி ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தது.

ராஜகனி கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்கில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கதவுகள் தாமாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளும். நல்ல கையை ஊன்றி எழுந்தாள். அலமாரியிலிருந்து தகர டப்பாவை இழுத்து, கைப்பேசியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. இதுவரை யார் கவனித்தார்கள்? சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலைத் தாண்டினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ணங்.

ஜெயசிங் "திற" என்று சொன்னால்தான் இனி அந்தக் கதவு திறக்கும். சொல்கிற நிலையில் அவன் இருந்தால் திறக்கும். உள்ளே இருந்தவர்களுக்கு அது அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை.

நடைவழியில் அப்படி ஒரு அமைதி. கடல் காற்று வந்தது. உள்ளே நடப்பது ஊசிமுனை அளவுக்கும் வெளியே வரவில்லை. ராஜகனி படிக்கட்டு வரைக்கும் நடந்து போனாள். அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைப்பேசியைச் சுவரில் ஒட்டி வைத்தாள். கரையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட வேண்டும், படகு கொண்டு வரச் சொல்ல வேண்டும். செத்துக் கிடந்த கைப்பேசி கண் விழித்தது. விறுவிறுவென்று ஏறியது. அது யாருடைய தொண்டையிலிருந்து ஏறுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு அழைப்புக்கு வேண்டிய அளவு ஏறியதும் அக்காவைக் கூப்பிட்டாள். "கிளம்பி வா" என்று மட்டும் சொன்னாள். அக்கா அழுதுகொண்டே உடனே கிளம்புவதாகச் சொன்னாள்.

காரியம் முடிந்துவிட்டது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். கீழே காவலர் அறை இருந்தது, உள்ளே ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராஜகனி யோசித்தாள். பிறகு, வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று, கைப்பேசியை மறுபடி சுவரில் வைத்தாள்.

கீழ்த்தளத்துப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் அணைந்த கைப்பேசி. ராஜகனியின் தொங்கிய கையையும் உதட்டு ரத்தத்தையும் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண் அதற்குள் சுவருக்குப் போயிருந்தது.

"எங்க தளத்துல காலைலேர்ந்து கத்துதோம், ஒண்ணும் ஏறல. இங்க என்ன இப்படிப் பாயுது? யாரு வீட்டுல, என்ன விசேஷம்?"

ராஜகனி பச்சைக் கோட்டை அண்ணாந்து பார்த்தாள். அது விளிம்பைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"தெரியல. ஏதோ அவிய வீட்டு விசயம். நமக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணும் சுவரில் கைப்பேசியை வைக்கட்டும் என்று ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.